ஸ்டியரிங் தானா இழுத்துச்சு டாக்டர்

1/
கார் பத்தி ஒரு மருத்துவர் ஏன் இவ்வளவு நீளமா எழுதணும்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. ஒரு நோயாளி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். நான் நம்பவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்று மூன்று வாரம் கழித்துதான் எனக்குத் தெரிந்தது.
பழைய கார் வாங்கப் போகிறவர்கள், வண்டியை ரீமேப் செய்து ஓட்டும் தம்பிகள், அந்தத் தம்பிகளைப் பெற்றவர்கள், எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக கடைசி வரை படிங்க.

2/
சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு அண்ணன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது ஐம்பதுக்கு மேல். பல வருஷமா டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர், ஒரு உரசல் கூட இல்லாமல் ஓட்டியவர். மகள் கல்யாணம் முடிந்த பிறகு, "இனிமே நமக்குன்னு ஒரு வண்டி" என்று ஒரு பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கினார். வாங்கி இரண்டு மாசம் கூட ஆகவில்லை.

3/
ஒரு நாள் சாயங்காலம் மனைவியோடு வாடிப்பட்டியிலிருந்து திரும்பி வருகிறார். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ஆள் அவசரக்காரர் இல்லை. கொஞ்ச தூரம் பின்னாடியே வந்திருக்கிறார். இடம் கிடைத்தது போல் தெரிந்ததும் இரண்டாவது கியரில் போட்டு முந்த ஆரம்பித்தார். டிராக்டரைத் தாண்டி முடிக்கப் போகும் நேரம், எதிரே ஒரு பஸ். சட்டென்று ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தார்.

4/
அந்த இடத்தில் ஸ்டியரிங் கையை மீறி வலது பக்கம் வெட்டியிருக்கிறது. அதாவது பஸ் வரும் பக்கம். பதறிப் போய் இடது பக்கம் ஒடித்தார், காலையும் எடுத்தார். வண்டி டிராக்டருக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, ரோட்டோர மண்ணில் இறங்கி, வாய்க்கால் பாலத்துக் கட்டையில் மோதி நின்றது. டிராக்டர் ஓட்டி வந்தவர் பிரேக் பிடித்ததால் அதோடு போயிற்று. 108-க்கு போன் போட்டதும் அவர்தான்.

5/
அண்ணனுக்கு வலது மணிக்கட்டிலும் கட்டைவிரலிலும் எலும்பு முறிவு. அவர் மனைவிக்கு காறை எலும்பு முறிவு. இரண்டு பேரும் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். மோதிய முன்பக்கத்தின் போட்டோவைப் பார்த்தேன். பெல்ட் இல்லாமல் இருந்தால் நான் எலும்பு முறிவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

6/
நான் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருந்தீங்களாண்ணே?"
"இல்ல சார்."
"தூங்கிட்டீங்களா? போன் பேசினீங்களா?"
"இல்ல சார். ஸ்டியரிங் தானா இழுத்துச்சு டாக்டர்."
தலையை ஆட்டிவிட்டு, ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்து அவர் மனைவி, "அவரு பொய் சொல்ல மாட்டாருங்க" என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். விபத்தில் வருகிறவர்கள் பாதிப் பேர் வண்டி மேல்தானே பழி போடுவார்கள் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு.

7/
மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டு பார்க்க வந்தார். முகம் வாடியிருந்தது. கை வலியா என்று கேட்டேன்.
"கை பரவால்ல சார். மருமகன் எல்லார் முன்னாடியும், 'மாமா, உங்களுக்கு வண்டி செட்டாகாது, வித்துருங்க'ன்னு சொல்லிட்டார். சம்சாரம் எலும்ப நானே ஒடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. இனி வண்டியே தொட மாட்டேன்."
கூடவே அவருடைய மெக்கானிக்கும் வந்திருந்தார். அந்த மெக்கானிக்தான் அன்றைக்கு எனக்கு வாத்தியார்.

8/
"சார், அண்ணன் சொன்னது நெசம். வண்டியப் பிரிச்சுப் பாத்தேன். மூணு கோளாறு இருக்கு" என்றார்.
ஒன்று, முன்பக்க டயர் இரண்டில் ஒன்று புதுசு, இன்னொன்று மொட்டை. பஞ்சர் கடையில் ஒரு டயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.
இரண்டு, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இற்றுப் போயிருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது.
மூன்றாவதுதான் முக்கியம். சந்தேகப்பட்டு பழைய ஓனருக்கு போன் போட்டிருக்கிறார். "ஆமாண்ணே, ஸ்டேஜ் ஒன் ரீமேப் பண்ணிருந்தேன். சொல்ல மறந்துட்டேன்" என்று பதில்.

9/
இந்த இழுப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது: டார்க் ஸ்டியர். டார்க் என்றால் முறுக்கு விசை. என்ஜின் கொடுக்கும் முறுக்கே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவதுதான் டார்க் ஸ்டியர். நீங்கள் திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் போகப் பார்க்கும். எல்லா நேரமும் வராது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது மட்டும்தான் வரும். அதனால்தான் சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இது தெரியாது.

10/
அம்பாசிடர் காலத்தில் இந்தப் பிரச்சினை கிடையாது. அதில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும். ஆளுக்கு ஒரு வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கரமே வண்டியை இழுத்தது, முன்சக்கரமே திரும்பியது. நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தேவையில்லை. எடை குறைவு, உள்ளே இடம் அதிகம், விலையும் குறைவு. இன்று நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். நல்ல ஏற்பாடுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கம்பெனி கொடுத்த சக்தியோடு ஓட்டும் வரை.

11/
ரெட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்க. நுகத்தடியில் இரண்டு மாடும் சமமாக இழுத்தால் வண்டி நேராகப் போகும். இடது மாடு மட்டும் திடீரென்று வெறிகொண்டு இழுத்தால்? வண்டி வலது பக்கம் திரும்பும். வண்டிக்காரர் கயிற்றை எப்படிப் பிடித்தாலும் ஒரு நொடி ஆட்டம் காட்டும். முன்சக்கரக் காரில் இரண்டு சக்கரம்தான் இரண்டு மாடு. இரண்டும் எப்போதும் சமமாக இழுக்க வேண்டும்.

12/
ஏன் சமமாக இழுக்காது? பெரும்பாலான சின்ன கார்களில் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். கியர் பாக்ஸ் ஒரு ஓரமாக இருக்கும். அதனால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். இரண்டும் சாய்ந்திருக்கும் கோணமும் வேறு. மிதிக்கும்போது வண்டி மூக்கைத் தூக்கும், கோணம் இன்னும் மாறும். இதெல்லாம் சேர்ந்து ஒரு பக்கச் சக்கரத்தை அதிகமாகத் திருப்பப் பார்க்கும்.
என் பாஷையில் சொன்னால், ஒரு கால் அரை இஞ்ச் குட்டையானவர் மாதிரி. நடக்கும்போது யாருக்கும் தெரியாது. நெல்லு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்க, அப்போது தெரியும்.

13/
கொஞ்சம் கணக்கு பார்ப்போம். இந்த ரகத்தில் அதிகம் விற்ற 1.3 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்று 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுக்கும். இரண்டாவது கியரில் கியர் பாக்ஸ் அதைச் சுமார் 7 மடங்கு ஆக்கி சக்கரத்துக்கு அனுப்பும். அதாவது ஏறக்குறைய 1,330. ரீமேப் செய்து 25 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 1,660. அதே ஷாஃப்ட், அதே புஷ், அதே மவுண்ட், அதே டயர். சுமை மட்டும் 330 கூடிவிட்டது. ஒரு டயர் புதுசு, ஒன்று மொட்டை என்றால் அந்தக் கூடுதல் சுமை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரோட்டில் இறங்காது.

14/
இதில் டர்போ டீசல் இன்னொரு வேலை செய்யும். சுமார் 1,800, 2,000 சுற்று வரும் வரை சோம்பலாக இருக்கும். அதைத் தாண்டியதும் முறுக்கு மொத்தமாக வந்து விழும். மெதுவாக ஏறினால் கை சமாளித்துக்கொள்ளும். ஒரே நொடியில் ஏறினால் கைக்கு அவகாசம் இல்லை. எதிர்பாராத ஒன்றைப் புரிந்துகொண்டு கை சரியாகச் செயல்பட மனிதனுக்கு ஒரு வினாடிக்கு மேல் கூட ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 14 மீட்டர் போய்விடும். நம்ம ஊர் ரோட்டு அகலத்துக்கு அது ரொம்ப அதிகம்.

15/
இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. வண்டி வலது பக்கம் இழுக்கிறது, நீங்கள் இடது பக்கம் பலமாக ஒடிக்கிறீர்கள். அதே நேரம் பயத்தில் காலை எடுக்கிறீர்கள். கால் எடுத்த நொடியே அந்த இழுப்பு மாயமாகிவிடும். ஆனால் நீங்கள் ஒடித்த ஒடிப்பு அப்படியே இருக்கும். வண்டி இடது பக்கம் பாயும். அண்ணனுக்கு நடந்தது இதுதான். ஓரத்து மண்ணில் ஒரு சக்கரம் இறங்கிய பிறகு யாராக இருந்தாலும் கஷ்டம்.

16/
என்னிடம் ஜிம் தம்பிகள் வருவார்கள். யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு மூன்று மாசத்தில் புஜம் வீங்கியிருக்கும். தசை வேகமாக வளரும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அந்த வேகத்துக்குப் பலம் பெறாது. ஒரு நாள் எடை தூக்கும்போது நாண் அறுந்துவிடும்.
ரீமேப்பும் அதே கதைதான். என்ஜினுக்கு மட்டும் ஊசி போடுகிறீர்கள். ஷாஃப்ட், புஷ், மவுண்ட், டயர், பிரேக் எல்லாம் பழைய உடம்புதான்.

17/
கார் கம்பெனிகளுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 2009-இல் ஃபோர்டு ஐரோப்பாவில் ஃபோகஸ் ஆர்.எஸ். என்ற கார் விட்டது. 300 குதிரைத்திறனுக்கு மேல், அத்தனையும் முன்சக்கரத்துக்கு. இந்த இழுப்பைக் குறைக்க முன்பக்க சஸ்பென்ஷன் அமைப்பையே மாற்றினார்கள். இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பங்கு போட தனி டிஃபரன்ஷியல் வைத்தார்கள். வேறு பல கார்களில் நடுவில் ஒரு துணை ஷாஃப்ட் வைத்து இரண்டு பக்க நீளத்தையும் சமமாக்குவார்கள். சில கார்களில் கீழ் கியர்களில் முறுக்கு அளவோடு போகும்படி சாஃப்ட்வேரிலேயே கட்டு போட்டிருப்பார்கள்.
ரீமேப் செய்யும்போது பல நேரம் முதலில் அவிழ்க்கப்படுவது அந்தக் கட்டுதான்.

18/
"நம்ம ஆளுங்களுக்கு வேகமே பிடிக்காதா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். கோவையைச் சேர்ந்த கரிவரதன் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாருதி 800 என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டியவர். அவர் அந்த என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரத்தைச் சுற்ற விட்டார். ஃப்ரேமில் இருந்து புதிதாகக் கட்டினார். அந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டினார்கள்.
செட்டிபாளையத்தில் 2003 முதல் அவர் பெயரில் டிராக் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு டிராக் இருக்கிறது. வேகம் வேண்டுமா, அங்கே போங்க. நெல் காயப்போட்டிருக்கும் ரோடு அதற்கான இடம் இல்லை.

19/
"நான் 3 வருஷமா ஸ்டேஜ் ஒன் ஓட்டறேன். ஒண்ணும் ஆகல."
இருபது வருஷமா பீடி குடிக்கிறேன், ஒண்ணும் ஆகல என்று என்னிடம் சொல்பவர்கள் நிறைய. உங்களுக்கு வண்டியின் குணம் தெரியும். எப்போது இழுக்கும் என்று கை பழகியிருக்கும். ஆனால் நீங்கள் அந்த வண்டியை ஒரு நாள் விற்பீர்கள். வாங்குபவருக்கு அது தெரியாது. உங்கள் தங்கச்சி ஒரு நாள் ஓட்டுவாள். அவளுக்கும் தெரியாது.

20/
நியாயமாகவும் பேச வேண்டும். அண்ணனுக்கு நேர்ந்தது டார்க் ஸ்டியரால் மட்டும் என்று நான் சொல்லவில்லை. எதிரே வண்டி வருமா என்று இன்னும் பார்த்திருக்கலாம். டயரைக் கவனித்திருக்கலாம். மவுண்டை மாற்றியிருக்கலாம். காய்ச்சல் ஒரு நோய் இல்லை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று உடம்பு சொல்லும் செய்தி. ஸ்டியரிங் இழுப்பதும் அப்படித்தான். நாலு காரணம் சேர்ந்த இடத்தில், யாருக்கும் சொல்லாமல் கூட்டி வைத்த அந்தச் சக்தி ஐந்தாவதாக வந்து நின்றது. மற்ற நாலையும் அவர் பார்த்திருக்க முடியும். இதை மட்டும் அவரால் பார்த்திருக்கவே முடியாது.

21/
சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் க்ளெய்மை மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

22/
ஆனால் யார் பிடிப்பது? பெரிய சைலன்சர் என்றால் காதில் கேட்கும். அகலமான டயர் என்றால் கண்ணில் தெரியும். ரீமேப் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில எண்கள். சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம் எஃப்.சி. பரிசோதனையும் கிடையாது. கைமாறும்போது பேப்பர் மட்டும்தான் கைமாறுகிறது.
என் கருத்து இதுதான்: ஆர்.சி. பெயர் மாற்றும்போது, என்ஜின் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறதா என்று விற்பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்றால் பொறுப்பு அவருடையது. ரத்தம் கொடுக்க வருபவரிடம் நாங்கள் நோய் விவரம் கேட்டு எழுதி வாங்குகிறோம். அதே மாதிரிதான்.

23/
அது வரும் வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை. பழைய கார் வாங்கப் போறீங்களா?
- "ரீமேப், டியூனிங் பாக்ஸ் ஏதாவது போட்டீங்களா?" என்று நேராகக் கேளுங்க. பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க.
- நேரான காலி ரோட்டில், மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, இரண்டாவது கியரில் அழுத்திப் பாருங்க. ஸ்டியரிங் துடிக்குதா, இழுக்குதா?
- மிதித்தால் கரும்புகை கொட்டுதா என்று பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பாருங்க.
- சந்தேகம் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்யக் கேளுங்க.

24/
ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்களுக்கு. வண்டி இழுக்குது என்றால் டாக்டர் மாதிரி ஒரு கேள்வி கேளுங்க: எப்போது இழுக்குது?
- எப்போதும் இழுத்தால்: டயர் காற்று, அலைன்மென்ட் பாருங்க.
- பிரேக் பிடித்தால் இழுத்தால்: பிரேக்கைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க.
- மிதித்தால் மட்டும் இழுத்தால்: முன் டயர் இரண்டும் ஒரே மாதிரியா, மவுண்ட், புஷ், ஷாஃப்ட் ஜாயின்ட் எப்படி இருக்கு என்று பாருங்க. எல்லாம் சரி என்றால் ரீமேப்பைச் சந்தேகப்படுங்க.
முன்பக்க டயரை மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்க. ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கும் காசு, மாவுக்கட்டுக்குப் பத்தாது.

25/
ஓடும்போது இழுத்துவிட்டால்? இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்கும் இடத்தில். கட்டைவிரலை உள்ளே கோத்துப் பிடிக்காதீங்க, மேலே படிந்தாற்போல் இருக்கட்டும். அண்ணன் கட்டைவிரல் முறிந்தது அப்படிக் கோத்துப் பிடித்ததால்தான். வெடுக்கென்று ஒடிக்காதீங்க. காலை மெல்லத் தளர்த்துங்க, இழுப்பு குறையக் குறைய கையையும் தளர்த்துங்க. இழுக்கும் என்று தெரிந்த வண்டியில், சரிசெய்யும் வரை யாரையும் முந்தாதீங்க.

26/
இன்னொன்று. அந்த டிராக்டர்காரர் நின்று உதவினார். விபத்தில் உதவுபவரைப் போலீஸ் கேஸில் மாட்டிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் காசு கேட்க மாட்டார்கள். பணம் புரட்டிக்கொண்டு நேரத்தை விடாதீங்க. முதலில் 108.

27/
மருமகனை ஒரு நாள் வரச் சொன்னேன். மெக்கானிக் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். இரண்டு டயரையும், மவுண்டையும், போனில் பழைய ஓனர் சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் மாமாவ அப்டிச் சொல்லிருக்கக் கூடாது சார்" என்றார்.
"நானும் அவர நம்பல தம்பி" என்றேன்.
வண்டியைப் பழையபடி கம்பெனி மேப்புக்கு மாற்றிவிட்டார்கள். முன் டயர் இரண்டும் புதுசு. அண்ணன் இப்போது மெதுவாக ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் இரண்டு பேரும் ரிவ்யூவுக்கு அதே வண்டியில்தான் வந்தார்கள்.

28/
விபத்தில் வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில் இப்போது ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். குடிச்சீங்களா, தூங்கினீங்களா, போன் பேசினீங்களா என்பதோடு, "வண்டி என்ன பண்ணுச்சு?" என்றும் கேட்கிறேன். பதிலை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.
உங்கள் வீட்டில் யாராவது பழைய கார் பார்த்துக்கொண்டிருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்க. ரீமேப் செய்த வண்டியை விற்கப் போகும் தம்பி இருந்தால் அவருக்கு முதலில் அனுப்புங்க. சொல்ல மறந்துட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.